செஞ்சுக்கலாங்க

ஸ்டாண்டர்ட் ஹெரால்டின் பானெட்டைத் திறக்க வண்டிக்கு முன்னால் போய் நிற்கக் கூடாது. முன்சக்கரத்துக்குப் பின்னால், இரண்டு பக்கவாட்டிலும் ஒவ்வொரு கொக்கி இருக்கும். அவற்றை விடுவித்து பானெட்டை முன்பக்கமாகச் சாய்த்தால் விளக்கு, மட்கார்டு எல்லாம் சேர்ந்து வண்டியின் முகம் முழுவதுமே கவிழ்ந்துகொள்ளும். இன்ஜின், ஸ்டீயரிங் கம்பி, சேஸிஸ், இரண்டு முன்சக்கரங்கள் என எல்லாமே வெட்டவெளிக்கு வந்துவிடும். மெக்கானிக் குனிய வேண்டியதே இல்லை. முன் டயரின் மேலேயே உட்கார்ந்து, டீ டம்ளரைச் சேஸிஸ் மீது வைத்துவிட்டு வேலை பார்க்கலாம். அம்பாசடருக்கும் ஃபியட்டுக்கும் முதுகு வளைத்துச் சலித்த மெக்கானிக்குகள் ஹெரால்டைக் கண்டால் முகம் மலர்ந்ததற்கு இது ஒரு காரணம். அது அடிக்கடி வந்தது என்பது இன்னொரு காரணம்.

மெக்கானிக்கின் இடுப்பை நினைத்து யாரும் இதைச் செய்யவில்லை. இங்கிலாந்தில் ஸ்டாண்டர்ட்-ட்ரையம்ஃப் கம்பெனிக்குக் கார்க் கூடு அடித்துக் கொடுத்துவந்த ஃபிஷர் அண்ட் லட்லோ நிறுவனம் போட்டிக் கம்பெனியின் கைக்குப் போய்விட்டது. முழுக் கூட்டையும் ஒரே இடத்தில் அடித்துத் தர ஆளில்லை. எனவே தனித்தனித் துண்டுகளாகப் பல இடங்களில் அடித்து வாங்கி, தனிச் சேஸிஸ் மேல் போல்ட் போட்டு முடுக்கும் வண்டியாக ஹெரால்டைத் திட்டமிட்டார்கள். தோற்றத்தை வரைந்தவர் ஜியோவானி மிக்கெலோட்டி என்கிற இத்தாலியர். 1959இல் அங்கே வெளிவந்தது. 1961இல் சென்னைக்குப் பக்கத்தில் வண்டலூரில் இருந்த ஸ்டாண்டர்ட் மோட்டார் தொழிற்சாலை அதை இங்கே செய்யத் தொடங்கியது. கல்கத்தாவுக்குப் பக்கத்தில் அம்பாசடர், பம்பாயில் ஃபியட், தமிழ்நாட்டில் ஹெரால்டு. அந்தக் காலத்து இந்தியாவில் கார் வாங்கப் போனவருக்கு இருந்த தேர்வு அவ்வளவுதான். அதற்கும் பணத்தைக் கட்டிவிட்டு வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டும்.

அறுபதுகளின் கடைசியில் வண்டலூர்க்காரர்கள் இங்கிலாந்துக்காரர்களே செய்யாத ஒன்றைச் செய்தார்கள். ஹெரால்டுக்கு நாலு கதவு வைத்தார்கள். கூட்டுக் குடும்பம், கல்யாணச் சீர், மாமியார் ஊர்ப் பயணம் என்று ஓடும் நாட்டில் இரண்டு கதவுக் காரில் பின்சீட்டுக்கு ஏறுவதென்றால் முன்சீட்டில் உட்கார்ந்திருக்கும் பெரியவரை எழுப்ப வேண்டும். பெரியவரை எழுப்பும் கார் இங்கே விலைபோகுமா? நாலு கதவு ஹெரால்டு உலகத்தில் வேறெங்கும் கிடையாது.

எனக்கு வாய்த்த முதல் கார் அதுதான். தொண்ணூறுகளின் தொடக்கம். ஹெரால்டு உற்பத்தி நின்று இருபது வருஷம் ஆகியிருந்தது. கோவை ஆர்.எஸ். புரத்தில் வீட்டுக்கு வீடு மாருதி 800 வந்து நின்ற காலம். என் கையிலிருந்த பணத்துக்கு மாருதியின் கதவைக்கூடத் தர மாட்டார்கள். பல கைகள் மாறி, வாழைத்தார் முதல் ஆட்டுக்குட்டி வரை ஏற்றி இறக்கி, நிறம் இன்னதென்று ஆர்.சி. புத்தகத்தைப் பார்த்துத்தான் சொல்ல முடியும் என்ற நிலையில் இருந்த வண்டி. எதிர்வீட்டுக்காரர் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "ஏனுங்க, இது ஓட்டறதுக்கு வாங்குனதுங்களா?" என்று கேட்டார். கொங்கு நாட்டில் கேலியைக்கூட மரியாதைக் குறைவில்லாமல்தான் செய்வார்கள். திருப்பிக் கோபித்துக்கொள்ள வழி இருக்காது.

இருபது வயது தாண்டிய எந்த இயந்திரத்துக்கும் தனிப்புத்தி வந்துவிடும். இதற்கும் வந்திருந்தது. இடப்பக்கம் முழுதாகத் திருப்பினால் ஹாரன் தானே அடிக்கும். பெட்ரோல் முள் டேங்க் நிறைந்திருந்தாலும் காய்ந்திருந்தாலும் பாதியிலேயே நிற்கும். ஆடி மாசம் பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் காற்று அடிக்கும்போது பின்கண்ணாடி ஒன்று தானாகக் கீழே இறங்கும். ஏற்றிவிட்டு அட்டையை மடித்துச் செருக வேண்டும். காலையில் சோக்கை இழுத்துப் பிடித்து, மூன்றாவது முறைதான் செல்ப் அடிக்க வேண்டும். முதல் இரண்டு முறை அடித்தால் கோபித்துக்கொள்ளும் என்று வண்டியை விற்றவர் சொன்னார். இதற்கு என்ன பொருள் என்று கடைசிவரை எனக்கு விளங்கவில்லை. ஆனால் நான் விற்கும்போது அதையே வாங்கியவரிடம் சொன்னேன்.

அதே வண்டிக்கு ஒரு அழகும் உண்டு. ஹெரால்டின் முன்சக்கரங்கள் மடங்கும் அளவுக்கு அன்றைய எந்தக் காரின் சக்கரமும் மடங்காது. இருபத்தைந்து அடி வட்டத்துக்குள் முழுவதும் திரும்பிவிடும். ராஜ வீதியில், ஒருபக்கம் நகைக்கடைக் கூட்டம், மறுபக்கம் தள்ளுவண்டி என்று அடைத்துக்கொண்டிருக்கும் இடத்தில் அம்பாசடர்க்காரர் முன்னும் பின்னும் இழுத்து வேர்த்துக்கொண்டிருப்பார். ஹெரால்டு ஒரே மூச்சில் திரும்பிப் போய்விடும், ஹாரன் அடித்துக்கொண்டே.

பின்சக்கர விஷயம் வேறு. நீளவாக்கில் இரண்டு பட்டை வில் போடுவதற்குப் பதிலாகக் குறுக்கே ஒரே ஒரு பட்டை வில். அதன் இரு நுனியிலும் தனித்தனியாக ஆடும் அச்சு. பின்சீட்டில் மூன்று பேர் ஏறினால் வண்டி உறியடிக்கத் தயாராகும் பையனைப் போலக் காலை அகட்டிக்கொள்ளும். அவர்கள் இறங்கினால் முட்டியை உள்ளே இழுத்துக்கொள்ளும். சமதரையில் இது வேடிக்கை. மலை வளைவில் வேகமாகப் போய்த் திடீரென்று ஆக்ஸிலேட்டரை விட்டால், வெளிப்பக்கப் பின்சக்கரம் அடியில் மடங்கப் பார்க்கும். ஆகவே ஹெரால்டுக்காரர்கள் ஆழியாறிலிருந்து வால்பாறை ஏறும் 40 கொண்டை ஊசி வளைவிலும் வேகத்தை முன்பே குறைத்து, வளைவுக்குள் கால் அசைக்காமல், பூஜை செய்யும் பக்தியோடு ஓட்டினார்கள். அடுத்து வந்த கெஸல் காரில் இந்த ஏற்பாட்டை எடுத்துவிட்டு நேர் அச்சாக மாற்றிவிட்டார்கள்.

மலை ஏறுவது என்றால் அன்றைக்கு எந்த வண்டியும் சண்டி செய்யும், ஹெரால்டு மட்டுமல்ல. பெட்ரோல் பம்பு இன்ஜின் மேலேயே இருக்கும். மேட்டுப்பாளையம் தாண்டி ஏற்றம் தொடங்கியதும் இன்ஜின் கொதித்து, பம்புக்குள் பெட்ரோல் ஆவியாகிவிடும். பம்பு ஆவியை உறிஞ்சிக்கொண்டு சும்மா துடிக்கும். அதற்கு மருந்து ஈரத்துணி. கல்லாற்றிலேயே பழைய வேட்டித் துணியை நனைத்துப் பம்பு மேல் சுற்றிக்கொண்டு, ஒரு கேன் தண்ணீரையும் பின்னால் வைத்துக்கொண்டு ஏறுவோம். குன்னூர்ச் சாலையின் 14 வளைவுகளில் ஏதாவது ஒன்றில், பானெட் திறந்த ஃபியட்டும், பானெட் திறந்த அம்பாசடரும், முகமே கவிழ்ந்த ஹெரால்டும் வரிசையாக நிற்கும். கல்லில் உட்கார்ந்து அறிமுகமில்லாதவர்கள் பலாப்பழம் பகிர்ந்து தின்பார்கள். எந்த ஊர், யார் பங்காளி, பையனுக்குப் பெண் பார்க்கிறார்களா என்பதுவரை பேச்சு போகும். பம்பு ஆறியதும் கிளம்பிவிடுவார்கள்.

இதையெல்லாம் ஹெரால்டு வைத்திருந்த யாரும் சொல்வார்கள். எனக்குச் சொல்ல வேண்டியது அதன் முன்சக்கரத்தைப் பற்றி.

ஹெரால்டின் முன்சக்கரத்தைத் தாங்கி நிற்கும் இரும்புத் தண்டின் அடிமுனை, ஒரு சிறிய வெண்கலக் கட்டைக்குள் மரையாக இறங்கியிருக்கும். ட்ரன்னியன் என்று பெயர். ஸ்டீயரிங்கைத் திருப்பும்போதெல்லாம் தண்டு அந்த மரைக்குள் கொஞ்சம் ஏறி இறங்கித் திரும்பும். அதற்குக் கெட்டியான கியர் ஆயில்தான் விட வேண்டும், கிரீஸ் ஆகாது. கிரீஸ் இறுகிப்போனால் மரைக்குள் தண்ணீரும் மண்ணும் புகுந்து துருப்பிடித்து, ஒரு நாள் தண்டு முறியும். என் வண்டிக்கு முந்தைய கைகளில் யாரோ ஒரு புண்ணியவான் வருஷக்கணக்கில் கிரீஸ் அடித்திருக்கிறார்.

பொள்ளாச்சி ரோட்டில் கிணத்துக்கடவு தாண்டி, டீக்கடைக்காக மெதுவாக ஓரம் கட்டும்போது இடது முன்சக்கரம் உள்ளே மடங்கிப் படுத்துக்கொண்டது. வேகம் இல்லாததால் பயமும் இல்லை. கடையிலிருந்தவர்கள் வந்து, கேட்காமலே ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்து, தேங்காய் இறக்கிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்த டெம்போவில் வண்டியின் முன்பக்கத்தைத் தூக்கிக் கட்டி அனுப்பிவைத்தார்கள். போன இடம் கணபதிப் பக்கம் ஒரு பட்டறை.

பட்டறை அண்ணன் டயர் மேல் உட்கார்ந்து முறிந்த துண்டை வேஸ்ட் துணியில் துடைத்தார். விரலால் மரையைத் தடவினார். "யாருங்க இதுக்குக் கிரீஸ் அடிச்சது? இது எண்ணெய் குடிக்கறதுங்க தம்பி."

"சாமான் கெடைக்குங்களாண்ணா?"

"கெடைக்காதுங்க." அடுத்த மூச்சிலேயே சொன்னார்: "செஞ்சுக்கலாங்க."

சென்னையில் இருந்திருந்தால் புதுப்பேட்டையில் தேடு என்று சொல்லியிருப்பார்கள். வேறு பல ஊர்களில் வண்டியை எடைக்குப் போடச் சொல்லியிருப்பார்கள். 'செஞ்சுக்கலாங்க' என்ற பதிலைக் கோயம்புத்தூரில்தான் எதிர்பார்க்க முடியும். அதைப் பெருமையாகக்கூட அவர் சொல்லவில்லை. அரிசி தீர்ந்துவிட்டது, வாங்கிக்கொள்ளலாம் என்பதுபோல் சொன்னார்.

அங்கிருந்து வேலை நாலு கைக்குப் போனது. முதலில் மரத்தில் அச்சு கடைபவர். உலோகம் ஆறும்போது சுருங்கும் என்பதால் அச்சை ஒரு பொடி பெரிதாகவே கடைந்தார். பிறகு வார்ப்படப் பட்டறையில் மண்ணுக்குள் அந்த அச்சைப் பதித்து எடுத்து, குழியில் கன்மெட்டல் ஊற்றினார்கள். செம்பும் வெள்ளீயமும் துத்தநாகமும் கலந்து உருகிய அந்தக் குழம்பின் மேல் பச்சைச் சுவாலை ஓடும். பிறகு துளையடிப்பு. கடைசியில் லேத்து.

கடினமான கட்டம் லேத்தில்தான். ஹெரால்டின் இடப்பக்கக் கட்டைக்கும் வலப்பக்கக் கட்டைக்கும் மரை எதிரெதிராக ஓடும். டர்னர் சாதாரணமாக வெட்டுவது வலது மரை. இடது மரை வெட்ட வேண்டுமென்றால் லேத்தின் பல்சக்கர வரிசையில் நடுவே ஒரு சக்கரத்தைச் சேர்த்து ஓட்டத்தைத் திருப்ப வேண்டும். அதுவும் உள்மரை என்பதால் டூல் என்ன செய்கிறது என்று கண்ணுக்குத் தெரியாது. அந்த டர்னர் சத்தத்தைக் கேட்டுத்தான் வெட்டினார். டூல் சீறினால் ஒரு சொட்டு எண்ணெய், முனகினால் பின்வாங்கல். நடுநடுவே நிறுத்தி, முறியாத பக்கத்துத் தண்டோடு ஒப்பிட்டு, "இன்னும் ரெண்டு தவு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வார். தவு என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. கோவை லேத்துப் பட்டறைகளில் பள்ளிக்கூடம் போகாதவருக்கும் அது தெரியும். முடித்ததும், கூடவே கடைந்த புதுத் தண்டைக் கட்டைக்குள் கையாலேயே சுற்றி இறக்கிக் காட்டினார். வெண்ணெயில் இறங்கியது. பிடித்து ஆட்டினால் ஆட்டம் இல்லை. கூலியாகக் கேட்ட தொகை, அன்றைக்கு ஒரு ஜோடிச் செருப்புக்கு ஆகும்.

இந்த ஊர் இப்படி ஆனதற்கு ஒரு வரலாறு உண்டு. அது பெரும்பாலும் நின்றுபோன வண்டிகளின் வரலாறு. சூலூர்ப் பக்கம் கலங்கல் கிராமத்தில் 1893இல் பிறந்த ஜி.டி. நாயுடு ஒரு வெள்ளைக்கார அதிகாரியின் மோட்டார் சைக்கிளைக் கண்டு மயங்கி, கோவை ஹோட்டல் ஒன்றில் வேலை பார்த்துப் பணம் சேர்த்து அதையே வாங்கி, முதல் வேலையாகப் பிரித்துப் போட்டுப் பூட்டிப் பார்த்தவர். 1920இல் ஒரே ஒரு பஸ்ஸோடு பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஓட்டினார். உதிரிபாகம் கப்பலில் வர வேண்டிய காலத்தில், வழியில் நின்றுவிடும் பஸ்ஸை மறுநாள் காலை மறுபடி ஓட வைப்பவனுக்குத்தான் பஸ் தொழில். யூ.எம்.எஸ். என்று வளர்ந்த அவருடைய பஸ் கம்பெனியோடு பட்டறையும் வளர்ந்தது. 1937இல் அவரும் டி. பாலசுந்தரமும் சேர்ந்து மின்மோட்டாரே செய்தார்கள். பொள்ளாச்சியில் 1931இல் தொடங்கிய ஆனைமலைஸ் பஸ் டிரான்ஸ்போர்ட்டும் பஸ்ஸில் ஆரம்பித்துப் பெரும் குழுமமாக விரிந்த கதைதான். எல்.ஜி.பி.யும் 1937இல் பஸ் ஓட்டத் தொடங்கிய குடும்பம். அதன் வழியில் வந்த எல்ஜி 1960இல் முதலில் செய்தவை வண்டி பழுதுபார்க்கும் நிலையங்களுக்கான கருவிகள். 1930களில் பைக்காரா மின்சாரம் வந்து பஞ்சாலைகள் பெருக, ஆலை இயந்திரத்தின் பல் உடைந்தால் லங்காஷயருக்குக் கடிதம் எழுதிக் காத்திருக்காமல் பக்கத்துத் தெருவில் வார்த்துக்கொள்ளும் பழக்கம் ஊறிப்போனது. கிணற்றுப் பம்பும் அதோடு சேர்ந்துகொண்டது. என் ட்ரன்னியனைச் செய்த நாலு கைகளும் பஞ்சாலைக்கும் பம்புக்கும் பழகிய கைகள். கார் அவர்களுக்குப் பொழுதுபோக்கு.

ஜி.டி. நாயுடு 1952இல் இரண்டு பேர் உட்காரும் பெட்ரோல் கார் ஒன்றையும் செய்தார். விலை 2,000 ரூபாய். அரசாங்கம் உரிமம் தரவில்லை. அவிநாசி ரோட்டில் 2015இல் திறந்த ஜி.டி. கார் மியூசியத்தில் பளபளக்கும் வெளிநாட்டுக் கார்களைப் பார்த்துக்கொண்டு நடக்கும்போது, எனக்கு அந்த வராத கார்தான் நினைவில் ஓடும். அது வந்திருந்தால் நம்மில் பலருக்கு அதுவே முதல் கார் ஆகியிருக்கும். அதுவும் வழியில் நின்றிருக்கும், சந்தேகமில்லை. ஆனால் செய்தவரின் பட்டறை பஸ் ஏறிப் போகும் தூரத்தில் இருந்திருக்கும். பிற்காலத்தில் இதே ஊர்க் கரிவரதன் மாருதி 800 இன்ஜினை வைத்து ரேஸ் காரே கட்டினார். 1995இல் அவர் விமான விபத்தில் இறந்த பிறகு செட்டிபாளையத்து ரேஸ் தளத்துக்கு அவர் பெயரை வைத்தார்கள். அவர் கட்டிய அந்த ஃபார்முலா மாருதியை ஓட்டிப் பழகிய நரேன் கார்த்திகேயன் 2005இல் ஃபார்முலா ஒன் வரை போனார். கோவையின் கார் மோகத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் இந்தப் பெயர்களைச் சொல்வார்கள். நான் கணபதியையும் சேர்த்துச் சொல்வேன்.

பழைய காரைப் பற்றி உருகி எழுதுகிறவர்கள் மேல் எனக்குக் கொஞ்சம் சந்தேகம் உண்டு, என்னையும் சேர்த்து. ஸ்டீயரிங்கில் உட்கார்ந்திருந்தவன் எழுதுகிறான். பின்னாலிருந்து தள்ளியவர்கள் எழுதுவதில்லை. வண்டியைத் தள்ளுவது ஒரு ஆனந்தம் என்று தள்ளியவர் யாராவது சொல்லி நான் கேட்டதில்லை. மதுக்கரைப் பக்கம் இருட்டிய பிறகு காயில் சூடேறி வண்டி நின்றபோது, தூங்கும் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு ரோட்டோரம் லாரி வெளிச்சத்தில் நின்ற என் மனைவி, பிறகு ஒருநாள் ரொம்பச் சாதாரணமாகச் சொன்னாள்: "வண்டி நின்னா உங்களுக்குப் பட்டறைங்க. எனக்கு ரோட்டோரந்தானுங்க." அதற்கு என்னிடம் பதில் இல்லை, இன்றைக்கும் இல்லை. வண்டி நின்றுபோவதை ரசிக்க நேரமும், அவசரமில்லாத வாழ்க்கையும், கூடவே பொறுத்துக்கொள்ள இன்னொருவரும் வேண்டும். ஆஸ்பத்திரிக்குப் போகிறவரோ, பஸ்ஸை விட்டால் கூலி போகிறவரோ ரசிக்க முடியாது.

ஆனாலும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நம்பத்தகாத அந்தக் காரை வைத்துக்கொண்டு நான் வால்பாறைக்கும் பழனிக்கும் பண்ணாரிக்கும் கவலையில்லாமல் போய்வந்தேன். அந்தத் தைரியம் காரைப் பார்த்து வரவில்லை. எங்கே நின்றாலும் நாலு மைலுக்குள் ஒரு லேத்து இருக்கும், அதில் 'செஞ்சுக்கலாங்க' என்று சொல்ல ஒருவர் இருப்பார் என்பதால் வந்தது. இப்போது வைத்திருக்கும் கார் நிற்பதே இல்லை. ஒருமுறை மஞ்சள் விளக்கு எரிந்தது. சர்வீஸில் கம்ப்யூட்டரைச் செருகி ஒரு எண்ணைப் படித்தார்கள், சீல் வைத்த ஒரு பெட்டியைக் கழற்றி இன்னொரு பெட்டியை மாட்டினார்கள். உள்ளே என்ன போயிற்று என்று கேட்டேன். அதைத் திறக்க முடியாது சார் என்றார் அந்தப் பையன். பையன் மேல் குற்றமில்லை. உண்மையிலேயே திறக்க முடியாது. கணபதிப் பட்டறையிலும் பழைய லேத்தின் பக்கத்தில் சி.என்.சி. வந்துவிட்டது. பம்புக் கம்பெனிகளின் ஜாப் ஆர்டரும் மின்கட்டணமும் மூலப்பொருள் விலையும்தான் இப்போது அங்கே பேச்சு. ஒற்றைக் கட்டை செய்யச் சொல்லி யாரும் வருவதில்லை.

ஹெரால்டை வாங்க வந்தவர் பாலக்காட்டுக்காரர். பழைய வண்டி சேர்ப்பவர். பானெட்டைச் சாய்த்தார், டயர் மேல் உட்கார்ந்து பார்த்தார், பெயின்ட்டைப் பற்றியோ ஹாரனைப் பற்றியோ ஒரு கேள்வியும் கேட்கவில்லை. ட்ரன்னியனைப் பார்த்ததும், "இதாரு செய்து?" என்று கேட்டார். சொன்னேன். அச்சு இன்னும் அங்கே இருக்கிறதா என்று கேட்டார். இருக்கிறது என்றேன், கூடவே, எதற்கும் இருக்கட்டும் என்று வார்த்துவைத்த ஒரு ஜோடி என் மேஜை டிராயரில் இருந்ததையும் வாய்தவறிச் சொல்லிவிட்டேன். வண்டிக்கு நான் சொன்ன விலைக்கு மறுபேச்சில்லாமல் சரி என்றவர், அந்த ஜோடிக்குத்தான் அரை மணி நேரம் பேரம் பேசினார். அவற்றை வண்டி விலையிலேயே சேர்த்துத் தந்துவிட வேண்டும் என்பது அவர் கட்சி. முடியாது என்பது என் கட்சி. கடைசியில் ஒன்றை அவர் எடுத்துக்கொண்டார், இடது மரை.